முதலில் ஊசி, அப்புறம் ஃபோன்: குழந்தைகள் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகள் காப்பகங்களை நடத்துபவர்களுக்கும், அங்கே நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியைகளுக்கும் உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

என் மகனுக்கு நான்கு வயது. பாலும் முந்திரியும் அவனுக்குக் கடுமையான ஒவ்வாமை. வயிறு கொஞ்சம் கலங்கும், தோல் கொஞ்சம் அரிக்கும் என்கிற அளவில் இல்லை. மூச்சுக்குழல் இறுகலாம், இரத்த அழுத்தம் சரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவனைச் சேர்க்க இடம் தேடியபோது பல காப்பகங்களின் சேர்க்கைப் படிவங்களைப் படிக்க நேர்ந்தது. சொற்கள் முன்பின் மாறினாலும் ஒரு வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது: “ஒவ்வாமை அறிகுறிகள் தென்பட்டால் உடனே பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும். பெற்றோர் சொல்கிறபடி மருந்து தரப்படும்.”

படித்தால் பொறுப்பான வரியாகத்தான் தெரிகிறது. பெற்றோரை மதிக்கிறார்கள், தாங்களாக எதையும் செய்துவிட மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி கூட வரும். அந்த வரியை அடித்துவிடச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

பிரிட்டனில் 1992 முதல் அனாஃபிலாக்சிஸால், அதாவது உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமையால், நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000-ல் ஓர் அறிக்கை வெளிவந்தது. உணவு காரணமாக இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நின்றுபோக ஆன நேரத்தின் இடைநிலை 30 நிமிடம். அவர்களில் பாதிப் பேருக்கு அவ்வளவு நேரம் கூடக் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த அரை மணி நேரத்துக்குள் நீங்கள் என்னைக் கூப்பிடுகிறீர்கள். நான் ஒரு கூட்டத்தில் இருக்கலாம், வண்டி ஓட்டிக்கொண்டு இருக்கலாம், ஃபோன் பைக்குள் சத்தமில்லாமல் கிடக்கலாம். எடுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். “என்ன சாப்பிட்டான்?” என்று கேட்பேன். நீங்கள் சமையலறையில் போய்க் கேட்டு வருவீர்கள். “உடம்பில் தடிப்பு இருக்கிறதா?” என்பேன். சட்டையைத் தூக்கிப் பார்ப்பீர்கள். “ஒரு ஃபோட்டோ அனுப்புங்களேன்” என்பேன். பதறிப்போன ஒரு தாய் இதைத்தான் கேட்பாள். நான் மருத்துவர் இல்லை, அவனைப் பார்க்கவும் முடியாது. அவன் உங்கள் கண் முன்னால் இருக்கிறான். அந்த நிமிடத்தில் முடிவெடுக்கத் தகுதி உள்ளவர் அவன் பக்கத்தில் இருப்பவர்தான். அந்த அதிகாரத்தை ஃபோன் வழியாக என்னிடம் தள்ளிவிடுவதை மரியாதை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2017-ல் நியூயார்க்கில் எலைஜா என்ற மூன்று வயதுச் சிறுவன் இப்படித்தான் இறந்துபோனான். அவனுக்குப் பால் ஆகாது என்பது அவன் படித்த இடத்தின் ஆவணங்களிலேயே இருந்தது. இருந்தும் சீஸ் வைத்துச் சுட்ட சாண்ட்விச் அவன் கைக்குப் போனது. அதன் பிறகு ஆம்புலன்ஸை அழைக்காமல் அவனுடைய அம்மாவை அழைத்தார்கள் என்று செய்திகளில் வந்தது. மருத்துவமனைக்கு அவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வாமையைத் தடுக்கவும் அவசரத்தில் செயல்படவும் காப்பகங்களுக்கு எழுதப்பட்ட நடைமுறை இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அவன் விஷயத்தில் தகவலுக்குக் குறைவில்லை. ஒவ்வாமை எழுதி வைக்கப்பட்டிருந்தது, பெற்றோருக்கும் சொல்லப்பட்டது. என் படிவத்தில் இருக்கும் வரி கேட்பதும் அவ்வளவைத்தான்.

ஆகவே அந்த வரிக்குப் பதில் இப்படி எழுதுங்கள் என்று கேட்கிறேன்: “கடுமையான ஒவ்வாமை என்ற சந்தேகம் வந்ததும், பிள்ளையின் அருகில் இருக்கும் பயிற்சி பெற்ற பணியாளர் அட்ரினலின் ஊசி போடுவார். அடுத்து ஆம்புலன்ஸ் அழைக்கப்படும். அதன் பிறகே பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும். இதற்கான முன் அனுமதியைப் பெற்றோர் இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தருகிறார்கள்.” அறையில் இரண்டு பேர் இருந்தால் ஊசியும் ஆம்புலன்ஸும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் ஊசிதான் முதலில்.

ஊசி என்றதும் உங்களில் பலர் தயங்குவீர்கள். அந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. பால், முட்டை ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கருதப்பட்ட 512 கைக்குழந்தைகளை அமெரிக்காவில் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடுமையான எதிர்வினைகளில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குத்தான் அட்ரினலின் கொடுக்கப்பட்டிருந்தது. மற்றவற்றில் ஏன் கொடுக்கவில்லை என்று பார்த்தால், நிலைமை இவ்வளவு கடுமை என்று புரியவில்லை, மருந்து கைவசம் இல்லை, ஊசி போடப் பயம். பெற்ற தாய் தகப்பனே தயங்குகிற இடம் அது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு இளம் உதவியாளரிடம் பயிற்சியும் கொடுக்காமல் அனுமதியும் கொடுக்காமல் துணிச்சலை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சரி, அந்த மருந்து அப்படி என்ன செய்கிறது? அட்ரினலின் நம் உடம்பிலேயே சுரக்கும் பொருள்தான். விரிந்து தளர்ந்துபோன இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தூக்கும். தொண்டை வீக்கத்தை வற்ற வைக்கும், இறுகிய மூச்சுக்குழலைத் தளர்த்தும். ஒவ்வாமைப் பொருள்களைக் கக்கிக்கொண்டிருக்கும் செல்களையும் அடக்கும். இத்தனையையும் ஒருசேரச் செய்யும் மருந்து வேறு கிடையாது. தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். குழந்தைகளிடம் 1998-ல் செய்த ஒப்பீட்டில், அப்படித் தொடைத் தசையில் போட்ட மருந்து இரத்தத்தில் உச்ச அளவை எட்ட சராசரியாக 8 நிமிடம் ஆனது. கையில் தோலுக்கடியில் போட்டதற்கு 34 நிமிடம். பேனா போன்ற தானியங்கி ஊசியை உடைக்கு மேலேயே அழுத்தலாம். ஊசி நம் கண்ணுக்குத் தெரியாது, மருந்தின் அளவையும் நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. 15 முதல் 30 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளுக்கு 0.15 மில்லிகிராம் பேனா வழக்கம். அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு என்ன என்பதை அவரவர் மருத்துவர் முடிவு செய்வார். பேனா எல்லா நாடுகளிலும் எளிதாகக் கிடைப்பதில்லை என்பதும் தெரியும். கிடைக்காத இடத்தில் மருத்துவர் குப்பியும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, எந்தக் கோடு வரை எடுக்க வேண்டும் என்று குறித்துத் தருவார். அதற்குக் கூடுதல் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

போட்ட பிறகு பிள்ளை வெளுக்கலாம், கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தேவையில்லாமல் போட்டுவிட்டோமோ என்ற கவலை எல்லோருக்கும் வரும். வேறு நோயில்லாத ஒரு பிள்ளைக்குச் சரியான அளவில் தொடையில் போன ஊசி, தேவையில்லாமல் போயிருந்தாலும், அந்தப் படபடப்போடு நின்றுவிடும். தாமதமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன். சந்தேகத்தின் பேரில் என் மகனுக்கு ஊசி போட்டு, அது கடைசியில் வெறும் வேர்க்குரு என்று தெரிந்தாலும் நான் உங்கள் மேல் கோபப்பட மாட்டேன். இதை எழுத்தில் கேட்டால் எழுத்திலும் தருகிறேன்.

இங்கே ஆன்டிஹிஸ்டமின் சிரப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊசிக்குப் பயந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கும் இடம் அது. சிரப் அரிப்பைக் குறைக்கும், தடிப்பை அடக்கும். அதற்கே அரை மணி, முக்கால் மணி ஆகும். தொண்டை வீங்குவதையோ இரத்த அழுத்தம் சரிவதையோ அது நிறுத்தாது. “முதலில் சிரப் கொடுத்துப் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் ஊசி” என்று பல காப்பகங்களில் சொன்னார்கள். வாயைச் சுற்றி நான்கு தடிப்பு, பிள்ளை மற்றபடி ஓடி விளையாடுகிறான் என்றால் சிரப் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிக்கலாம். மூச்சிலோ சுறுசுறுப்பிலோ மாற்றம் தெரிந்த பிறகு சிரப் பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கக் கூடாது.

ஊசி போட்ட பிள்ளையைப் படுக்க வையுங்கள், கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார்ந்திருக்கட்டும், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். சட்டென்று எழுப்பி நிறுத்துவதும் நடக்கவிடுவதும் ஆபத்து. அந்த நிலையில் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து மயங்கிவிடலாம். கைக்குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளாமல் கைகளில் கிடத்திப் பிடிக்க வேண்டும். இது நம் இயல்புக்கே எதிரானது. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கத்தான் கை போகும். பயிற்சி வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். 5 முதல் 15 நிமிடத்துக்குள் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழித்து அதே எதிர்வினை மறுபடி கிளம்பலாம்.

எப்போது சந்தேகப்படுவது என்பதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி. பெரியவர்களுக்கான சுவரொட்டிகள் சொல்லும் அறிகுறிகள் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. தொண்டை அடைக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. நாக்கைத் துணியில் தேய்ப்பாள், விரலை வாய்க்குள் விட்டுச் சுரண்டுவாள், காதைப் பிடித்து இழுப்பாள், எச்சில் வழியும். கொஞ்சம் பேசத் தெரிந்த பிள்ளைகள் “நாக்கு சுடுது”, “வாயில முடி இருக்கு”, “தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு” என்பார்கள். அழுகைக் குரல் திடீரென்று கரகரக்கும். துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை யாராவது ஒருவர் மடியில் ஏறி ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். மதியத் தூக்கத்துக்கு முன்பே துவண்டு தூங்கிப்போகும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகப் பயம். சாப்பிட்ட சற்று நேரத்தில் ஒரு பிள்ளை அமைதியாகத் தூங்குவதைப் பார்த்துக் காப்பகத்தில் யாரும் பதற மாட்டார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை வழக்கமில்லாத நேரத்தில் தூங்கினால் தட்டி எழுப்பிப் பாருங்கள். எழுந்து சிணுங்கினால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

தோலில் தடிப்பு வந்தால்தான் ஒவ்வாமை என்று நினைக்காதீர்கள். அனாஃபிலாக்சிஸ் வந்தவர்களில் பத்தில் ஒருவர் முதல் இருவர் வரை தோலில் எதுவுமே தெரிவதில்லை. ஆகாத உணவு உள்ளே போயிருக்கலாம் என்ற நிலையில் மூச்சில் சத்தம், விடாத இருமல், குரல் மாற்றம், துவளுதல், வெளுத்துப்போதல், இவற்றில் ஒன்று வந்தாலே போதும். தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலும் ஊசிதான். சில பிள்ளைகளுக்கு வேறு வகை ஒன்று உண்டு: உணவு உள்ளே போய் ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து அடக்க முடியாமல் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவார்கள், ஆனால் தடிப்போ மூச்சிரைப்போ இருக்காது. குடல் சார்ந்த அந்த ஒவ்வாமைக்குச் சிகிச்சை முறை வேறு. அப்படிப்பட்ட பிள்ளை உங்களிடம் இருந்தால் அதற்கெனத் தனியாக ஒரு திட்டத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

மருந்தை எங்கே வைக்கிறீர்கள்? ஒரு காப்பகத்தில் மிகுந்த பெருமையோடு காட்டினார்கள்: அலுவலக அறையில் இரும்பு அலமாரி, அதற்குள் பூட்டிய பெட்டி, சாவி பொறுப்பாளர் கைப்பையில். பொறுப்பாளர் அன்றைக்கு விடுப்பில் இருந்தார். மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பது சரி. அதற்குப் பூட்டு வேண்டாம், உயரம் போதும். ஒவ்வொரு வகுப்பறையிலும் பெரியவர் கை நீட்டினால் எடுக்கும் உயரத்தில் ஒரு கொக்கி, அதில் பிள்ளையின் பெயரும் படமும் ஒட்டிய பை, உள்ளே இரண்டு பேனாக்களும் ஒரு பக்க அவசரத் திட்டமும். வகுப்பு எங்கே போகிறதோ பையும் அங்கே போக வேண்டும், தோட்டத்துக்குப் போனாலும் சரி, வெளியே கூட்டிப்போனாலும் சரி. வண்டியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். அட்ரினலின் வெயிலும் சூடும் தாங்காது, ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. பேனாவின் சிறு ஜன்னல் வழியே மருந்து தெளிவாக இருக்கிறதா, காலாவதி நாள் என்ன என்று மாதம் ஒருமுறை ஒருவர் பார்க்கட்டும்.

இனி, உங்களில் பலர் வாசலில் மாட்டியிருக்கும் பலகை. “இது வேர்க்கடலை இல்லாத வளாகம்.” நல்ல மனசோடு மாட்டியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2021-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து, காப்பகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கிடைக்கும் சான்றுகளை எல்லாம் சலித்துப் பார்த்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். பணியாளர் பயிற்சி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவசரத் திட்டம், யார் பெயரிலும் இல்லாத பொது அட்ரினலின் இருப்பு, இவற்றைப் பரிந்துரைத்தார்கள். வளாகம் முழுக்க ஓர் உணவைத் தடை செய்வதைப் பரிந்துரைக்கவில்லை, அதனால் பாதுகாப்பு கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதால். எனக்கு அதில் வியப்பில்லை. பலகை மாட்டியதும் வேலை முடிந்தது என்று எல்லோர் மனதிலும் ஒரு தளர்வு வந்துவிடுகிறது. தவிர, என் மகனுக்கு ஆகாதது பால். ஒரு வயதுப் பிள்ளைகள் நிறைந்த இடத்தில் பாலை எப்படித் தடை செய்வீர்கள்? நான் அதைக் கேட்கவும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது உணவு.

நான் கேட்பது மேசையைப் பற்றி. தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். பக்கத்துப் பிள்ளையின் சிப்பரை இவன் எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவான். பொது அகப்பை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். “முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தோம்” என்பார்கள். பொறுக்கினால் முந்திரி போகும், அதன் புரதம் உணவிலேயே இருக்கும். சூடாக்கினால் போய்விடும் என்பதும் நம்பத்தக்கது அல்ல. போன மாதம் பாதுகாப்பாக இருந்த பிஸ்கட்டின் செய்முறையை இந்த மாதம் கம்பெனி மாற்றியிருக்கும். உறையில் பால் என்று பெரிதாக எழுதாமல் கேசீன், வே (இரண்டும் பாலிலிருந்து வருபவை) என்று எங்கோ ஓரத்தில் போட்டிருப்பார்கள். முன்பு சொன்ன 512 குழந்தைகள் ஆய்வில், எதிர்வினையைக் கிளப்பிய உணவில் பாதி பெற்றோர் அல்லாதவர்கள் கொடுத்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் ஒரே ஒருவர் பொறுப்பாக உட்கார வேண்டும். இன்றைக்கு யார் என்பது காலையிலேயே பலகையில் இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். தற்காலிகமாக வரும் உதவியாளர் வகுப்புக்குள் கால் வைக்கும் முன்பே இவனைக் கண்ணால் பார்த்து, பையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். விடுப்பும் ஆள் மாற்றமும் உள்ள நாட்கள்தான் எங்களுக்கு மிகவும் கலக்கமான நாட்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாப் பிள்ளைகளின் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அல்லது ஈரத் துடைப்பானால் துடையுங்கள். கிருமிநாசினி ஜெல் இதற்கு ஆகாது. அது கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. வேர்க்கடலை வெண்ணெய் தடவிய கைகளில் 2004-ல் சோதித்துப் பார்த்தார்கள்: சோப்பும் துடைப்பானும் சுத்தமாக்கின, ஜெல் தேய்த்த கைகளில் பாதியில் கடலைப் புரதம் அப்படியே இருந்தது. மேசைக்கும் இதேதான், உலர்ந்த துணியால் துடைத்தால் பாலை மேசை முழுக்கப் பரப்பியதாகத்தான் ஆகும். சாப்பாட்டைத் தாண்டியும் கொஞ்சம் பாருங்கள். விளையாட்டு மாவு பெரும்பாலும் கோதுமை. கைவேலைக்குக் கொண்டுவரும் முட்டை அட்டையும் பால் டப்பாவும் கழுவாமல் வந்திருக்கும். பிறந்தநாள் கேக்கைப் பற்றித் தனியாக எழுதினால் இன்னொரு மடல் ஆகிவிடும். முதல் நாளே சொல்லுங்கள், அவனுக்கு வேண்டியதை நான் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த 512 குழந்தைகள் ஆய்வில் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது இன்னொரு விவரம். பத்து எதிர்வினைகளில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை தற்செயல் இல்லை. தவிர்க்கச் சொன்ன உணவைத் தெரிந்தே கொடுத்ததால் வந்தவை. கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 2015-ல் வெளியான ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில் சிறு வயதிலேயே வேர்க்கடலை உணவு கொடுக்கத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை மிகவும் குறைவாக இருந்தது. ஆனால் அது ஒவ்வாமை வரும் முன் தடுப்பது. வந்துவிட்ட பிள்ளைக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை என்றால் அது மருத்துவர் கண்காணிப்பில், அளந்து கொடுப்பது. காப்பகத்தில் ஒருவர் பரிவோடு ஊட்டிவிடும் ஒரு கரண்டி தயிரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

மருந்து எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் அட்ரினலின் கொடுக்க நேர்ந்த நிகழ்வுகளைத் தொகுத்தபோது, ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் கடும் ஒவ்வாமை இருப்பது அதற்கு முன் தெரிந்திருக்கவில்லை. காப்பகப் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள். பல உணவுகளை முதல் முறை சுவைப்பதே உங்கள் மேசையில்தான். உங்கள் சட்டம் அனுமதித்தால், மருத்துவரின் ஆலோசனையோடு யார் பெயரும் போடாத இரண்டு ஊசிகளை இருப்பு வையுங்கள். பாலோ முட்டையோ கடலையோ எள்ளோ, முதல் முறை வீட்டில் கொடுத்துப் பார்த்த பிறகே இங்கே கொடுப்போம் என்றும் ஒரு விதி வைக்கலாம்.

தயவுசெய்து அவனைத் தனியாக ஒரு மூலையில் சுவரைப் பார்க்க உட்கார வைக்காதீர்கள். ஒவ்வாமை காற்றில் பரவும் என்று பயந்து அப்படிச் செய்கிறார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள 30 பிள்ளைகளை அருகில் வைத்து வேர்க்கடலை வெண்ணெயை முகரச் செய்தும் தோலில் தடவியும் பார்த்த ஆய்வில் ஒருவருக்கும் உடல் தழுவிய எதிர்வினை வரவில்லை. மீன் வேகும் ஆவி, பால் கொதிக்கும் ஆவி சிலருக்குத் தொந்தரவு தரும், அது உண்மை. ஆகவே அடுப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும். மற்றபடி அபாயம் வாய் வழியாகத்தான். பாலைச் சிந்தாமல் குடிக்கத் தெரிந்த ஒரு தோழனும் பொறுப்பான ஒரு பெரியவரும் இரு பக்கமும் இருந்தால் மேசை நுனியில் அவன் எல்லோரோடும் உட்காரலாம்.

பெற்றோர் தரப்பில் நாங்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. மருத்துவர் கையெழுத்திட்ட திட்டம், காலாவதி ஆகாத இரண்டு ஊசிகள், எடை கூடக் கூட மாற்றிய அளவு, ஒவ்வொரு ஆண்டும் புதுப்பித்த பரிசோதனை விவரம். பாலும் முட்டையும் ஆகாத பிள்ளைகள் பலர் வளரும்போது அதிலிருந்து மீள்கிறார்கள், ஆகவே பழைய தாளையே வைத்துக்கொண்டு உங்களை வீணாகப் படுத்தக் கூடாது. இன்னொன்று, பிடிக்காத உணவை ஒவ்வாமை என்று எழுதும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களால் மற்றவர்களின் தாளுக்கும் மதிப்புக் குறைகிறது. மருத்துவர் சான்று கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வழக்கு வருமோ என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பெற்றோர் சொல்கிறபடி என்ற வரி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கண்காணிக்கும் துறைகளுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கனடாவின் ஒன்டாரியோவில் பள்ளிகளுக்கு 2006 முதல் இதற்கெனவே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய விதிகளின்படி காப்பகத்தில் அனாஃபிலாக்சிஸ் பயிற்சி பெற்ற ஒருவராவது இருந்தாக வேண்டும். மற்ற இடங்களிலும் பயிற்சியைக் கட்டாயமாக்கி, நல்லெண்ணத்தோடு ஊசி போட்டவரைக் காக்கும் ஒரு வரியை விதியிலேயே சேர்த்துவிட்டால், காப்பகங்கள் பெற்றோரின் ஃபோனுக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்காது. விதி வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. எங்கள் எழுத்துபூர்வ அனுமதியும் மருத்துவரின் திட்டமும் உங்கள் கோப்பில் இருந்தால், தொடங்க அது போதும். உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

முதல் வேலையாக ஓர் ஒத்திகை நடத்துங்கள். ஊசி இல்லாத பயிற்சிப் பேனா கிடைக்கிறது, நானே கொண்டுவருகிறேன். சாப்பாட்டு நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு பொம்மையைக் காட்டி “இவனுக்கு மூச்சுத் திணறுகிறது” என்று சொல்லுங்கள். பொம்மையின் தொடையில் பேனா அழுந்தும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது, யார் பையைத் தேடி ஓடினார்கள், மற்றப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், ஆம்புலன்ஸுக்கு முகவரி சொன்னது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சமையல்காரரையும் வாசற்காவலரையும் விட்டுவிடாதீர்கள். பொறுப்பாளர் விடுப்பில் இருக்கும் நாளாகப் பார்த்து நடத்தினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நான்கு வயதுப் பிள்ளையை நாளும் உங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஒரு தாய்